112 கி.மீ. உயரம் போன ராக்கெட் ஏன் திரும்பி விழுகிறது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். லாஸ்பேட்டையில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். மூன்று வாரமாகக் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற, ராக்கெட் கட்டி ஏவும் கணினி விளையாட்டை விளையாடுகிறீர்கள். ராக்கெட் 112 கி.மீ. வரை ஏறுகிறது, ஆனால் அங்கிருந்து விழுந்துவிடுகிறது. எரிபொருள் டாங்கி கூட்டினால் பாதி வழியில் குட்டிக்கரணம் அடிக்கிறது. ஒரே ஒரு முறை எப்படியோ சுற்றுப்பாதை கிடைத்தது; இறங்க எரிபொருள் இல்லாமல் விளையாட்டின் விண்வெளி வீரர் ஜெபடையா இன்னும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார். கடைசியில், 'எந்த எஞ்சின் போட்டால் சரியாகும்?' என்று முடித்திருக்கிறீர்கள். எஞ்சின் பெயரைச் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று படுகிறது. காற்றையெல்லாம் தாண்டி அவ்வளவு உயரம் போன ஒரு பொருள் ஏன் அங்கேயே தங்கவில்லை? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். எஞ்சின் நடுவில் வரும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருடமாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். 2015இல் இந்த விளையாட்டின் 1.0 பதிப்பு வந்தபோது என் பையனுக்காக வாங்கியது. அவன் ஆறு மாதத்தில் விட்டுவிட்டான், நான் விடவில்லை. ராக்கெட் பொறியியல் படித்தவள் இல்லை. ஆகவே பாதை, வேகம், ஈர்ப்பு பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ராக்கெட் ஏன் கவிழ்கிறது என்று சொல்வது மட்டும் நாடி பிடிக்காமல் பார்க்கும் வைத்தியம். நீங்கள் படம் போடவில்லை.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா 200 கி.மீ.க்கும் மேல் வடக்கே இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவில் ராக்கெட் ஏவினால் வடக்கு அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எழும்பும். நான் முதல் முறை பார்த்தபோது பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "ஐயோ, சாஞ்சிடுச்சே, விழப்போவுது" என்று பதறினார். பொட்டு கொஞ்ச தூரம் நிமிர்ந்து ஏறி, பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்து, கடல் மேல் படுத்தவாக்கில் ஓடி மறைந்தது. இயற்பியல் டீச்சரான எனக்கே விழுகிற மாதிரிதான் இருந்தது. உங்கள் ராக்கெட் அப்படிச் சாயவில்லை. அதுதான் நோய்.

எப்படித் தெரியும் என்றால், நீங்கள் எழுதிய எண்களில் ஒன்று காட்டிக்கொடுக்கிறது. வரைபடத்தில் உச்சப்புள்ளி 112 கி.மீ., தாழ்புள்ளி மைனஸ் 560 கி.மீ. என்று இருந்ததாகச் சொல்லி, மைனஸ் எதற்கு என்று புரியவில்லை என்றீர்கள். விளையாட்டில் நீங்கள் கிளம்பும் கோளான கெர்பினின் ஆரம் 600 கி.மீ. தரைக்குக் கீழே 560 என்றால் மையத்திலிருந்து வெறும் 40 கி.மீ. நடுவில் தரை என்று ஒன்று இல்லாதிருந்தால் உங்கள் ராக்கெட் கோளின் வயிற்றுக்குள் புகுந்து, மையத்தை உரசிக்கொண்டு மறுபடி மேலே வந்திருக்கும். இந்த இரண்டு எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சியில் உங்கள் பக்கவாட்டு வேகம் விநாடிக்குச் சுமார் 730 மீட்டர். அந்த உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது சுமார் 2,230 மீட்டர். அதாவது 1,500 மீட்டர் பாக்கி. உயரத்தில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இதை நான் வகுப்பில் சொல்லும் விதம் இது. கையிலிருந்து நழுவிய கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். அதே கல்லைப் படுக்கைவாட்டில் எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அந்த முதல் விநாடியில் 4.9 மீட்டர்தான் விழும். ஆனால் பூமி உருண்டை. நேர்கோட்டில் 7.9 கி.மீ. போனால் தரை 4.9 மீட்டர் கீழே வளைந்து இறங்கியிருக்கும். அப்படியானால், காற்று மட்டும் இல்லையென்றால், விநாடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் எறிந்த கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையும் அதே அளவு விலகிக்கொண்டே இருக்கும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. சில்வர் பீச்சில் ஈர மணலில் உட்கார்ந்துகொண்டு தொலைவில் திரும்பி வரும் படகைப் பாருங்கள், அடிப்பாகம் தெரியாது, மேல்பாகம் மட்டும் தெரியும். அந்த வளைவை நம்பித்தான் செயற்கைக்கோள்கள் பிழைக்கின்றன. கெர்பினிலும் ஈர்ப்பு 9.81தான், ஆனால் கோள் சின்னது, வளைவு அதிகம். அதனால் தரையை ஒட்டிச் சுற்ற 2.4 கி.மீ. வேகம் போதும்; 80 கி.மீ. உயரத்தில் 2.28.

காற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கெர்பினில் 80 கி.மீ. உயரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப செங்குத்தாக விநாடிக்கு 1,180 மீட்டர் வேகம் போதும். அங்கே தங்க அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பூமியில் நிலைமை இன்னும் மோசம்: 100 கி.மீ. தொட 1.4 கி.மீ. வேகம், 200 கி.மீ. உயரத்தில் சுற்ற 7.8 கி.மீ. 'விண்வெளிக்குப் போய்வந்தார்' என்று செய்தி வாசித்தால் எந்த வகையில் போய்வந்தார் என்று நான் முதலில் தேடுவது இதனால்தான்.

இனி செய்முறை. உங்கள் ராக்கெட்டில் டெல்டா-வி, அதாவது எரிபொருள் முழுவதும் சேர்ந்து தரக்கூடிய வேக மாற்றம், விநாடிக்கு 4,600 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். கெர்பின் தரையிலிருந்து தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு ஏறக்குறைய 3,400 போதும். எனவே புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஓட்டும் முறையை மாற்றுங்கள். கிளம்பி வேகம் விநாடிக்கு 60, 80 மீட்டர் ஆனதும் கிழக்குப் பக்கம், அதாவது நாவ்பால் என்ற திசைகாட்டிப் பந்தில் 90 என்று இருக்கும் கோட்டை நோக்கி, 5 டிகிரி சாயுங்கள். பிறகு ராக்கெட் போகும் திசையைக் காட்டும் மஞ்சள் ப்ரோகிரேட் குறியீடு எங்கே சரிகிறதோ அதன் பின்னாலேயே போங்கள். 10 கி.மீ. உயரத்தில் 45 டிகிரி, 35 கி.மீ. வாக்கில் ஏறக்குறையப் படுக்கை. உச்சப்புள்ளி 80 என்று காட்டியதும் எக்ஸ் தட்டி எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் புதியவர்களுக்கு வராது. உச்சியை நெருங்கியதும் ப்ரோகிரேட்டை நோக்கி மறுபடி எரியுங்கள். மைனஸில் கிடந்த தாழ்புள்ளி மேலேறி வரும், பூச்சியம் தாண்டும், காற்று முடியும் 70 கி.மீ.யைத் தாண்டும். அப்போது அணையுங்கள். நான் சொன்ன கோணங்கள் வேதவாக்கு இல்லை, ராக்கெட்டுக்கு ராக்கெட் மாறும். கிளம்பும்போது உந்துவிசை எடையைப் போல் 1.3 முதல் 1.7 மடங்கு இருந்தால் இவை பெரும்பாலும் பொருந்தும்.

கிழக்கு ஏன் என்றால், கெர்பின் சுழல்வதால் ஏவுதளமே விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அது இலவசம். ஸ்ரீஹரிகோட்டாவில் அந்த இலவசம் சுமார் 450 மீட்டர். கிழக்கே திறந்த கடலும் கிடைக்கிறது. ஆனால் துருவங்களுக்கு மேலே சுற்றும் பாதைக்குத் தெற்கே போக வேண்டிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நேரே தெற்கே போக முடியாது, இலங்கை குறுக்கே நிற்கிறது. தென்கிழக்கே போய் வளைந்து திரும்ப வேண்டும், அதற்கு எரிபொருள் செலவு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதன் முக்கியக் காரணம் இந்த வளைவைத் தவிர்ப்பதுதான்.

குட்டிக்கரணத்துக்கு வருவோம். தீபாவளி ராக்கெட்டில் குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்திப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் சின்ன வயதில் செய்திருக்கிறோம். அது வானத்துக்குப் போகாமல் எதிர் வீட்டு மாடிக் கொடியில் காயும் துணிக்குள் போகும். முன்னால் கனமும் பின்னால் காற்றைப் பிடிக்கும் ஒரு வாலும் இருந்தால்தான் எதுவும் தானாக நேராகப் பறக்கும். உங்கள் ராக்கெட்டில் எரிபொருள் தீரத் தீர மேலே இருக்கும் டாங்கிகள் காலியாகின்றன, அடியில் எஞ்சின் மட்டும் கனமாக நிற்கிறது. கனம் பின்னுக்கு வந்துவிடுகிறது. காற்று அடர்த்தியாக இருக்கும் இடத்தில் வேகமாகப் போகும்போது கொஞ்சம் மூக்கைத் திருப்பினாலும் போதும், காற்று பிடித்துப் புரட்டிவிடும். டாங்கி கூட்டினீர்கள், ராக்கெட் இன்னும் நீளமானது, இன்னும் எளிதாகப் புரண்டது. இதுவரை பெரும்பாலும் உறுதி.

ஊகம் இனிமேல். ரிலையன்ட் எஞ்சின் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். ரிலையன்ட்டின் வாய் அசையாது, அதனால் அது ராக்கெட்டைத் திருப்பிப் பிடிக்காது. ஸ்விவெல் அசையும், விசை சற்றுக் குறைவு, ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது பிடிமானம். நீங்கள் கேட்ட எஞ்சின் பெயர் அதுதான். அடியில் நான்கு இறக்கைகளும் வையுங்கள். இரண்டும் செய்தும் கவிழ்ந்தால், 10 கி.மீ.க்குள்ளேயே திடீரென்று 30, 40 டிகிரி திருப்புகிறீர்கள் என்று சந்தேகப்படுவேன். பதிலே எழுதாமல் விட்ட கணக்குக்கு மார்க் போடுவது மாதிரிதான் இது. படம் போட்டால் சரியாகச் சொல்கிறேன்.

டாங்கி கூட்டினால் ஏன் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பதற்கு ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி 1903இலேயே பதில் சொல்லிவிட்டார். சூத்திரத்தை விடுங்கள், உதாரணம் போதும். டெரியர் எஞ்சின் போட்ட மேல் ஸ்டேஜ், அதாவது ராக்கெட்டின் மேல் அடுக்கு ஒன்று, எரிபொருளோடு 4 டன், காலியானால் 2 டன் என்று வைப்போம். வெற்றிடத்தில் அது தரும் வேக மாற்றம் விநாடிக்குச் சுமார் 2,345 மீட்டர். இதை இரண்டு மடங்காக்க எரிபொருளை இரண்டு மடங்காக்கினால் போதாது. மொத்த எடை 8 டன் ஆக வேண்டும். எரிபொருள் 2 டன்னிலிருந்து 6 டன், மூன்று மடங்கு. புதிய டாங்கியின் சொந்த எடையை நான் இங்கே சேர்க்கவே இல்லை. எரிபொருளைத் தூக்க எரிபொருள், அதைத் தூக்க இன்னும் கொஞ்சம். நம் ஊர் வட்டிக் கணக்கு மாதிரி. ஆகவே அடியில் டாங்கி கூட்டுவதைவிட மேல் நுனியில் எடையைக் குறைப்பது லாபம்.

உங்கள் பட்டியலில் இல்லாத விபத்துகளை நான் செய்திருக்கிறேன். முதல் நாள் ஸ்பேஸ்பார் தட்டினேன், எஞ்சினும் பாராசூட்டும் ஒரே நேரத்தில் விரிந்தன; ஸ்டேஜ் வரிசையில் குடைப் படம் அடியிலேயே இருந்ததை நான் பார்க்கவில்லை. ஆளில்லா கலம் ஒன்றை அருமையாகச் சுற்றுப்பாதையில் விட்டேன், சூரியத் தகடு வைக்க மறந்தேன். பேட்டரி தீர்ந்ததும் திசை திருப்பவும் வழியில்லை. இன்னமும் அங்கேதான் சுற்றுகிறது, அதன் பெயர் 'மஞ்சக்குப்பம் 3'. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று, கெர்பினின் சின்ன நிலாவான மின்மஸில் இறங்க 200 மீட்டர் இருக்கும்போது கரண்ட் போனது, யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எனவே முக்கியமான எதற்கும் முன்னால் எஃப்5 தட்டி ஆட்டத்தைச் சேமித்துவிடுங்கள். அதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும்.

சுற்றுப்பாதை கைவந்ததும் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். கெர்பினின் பெரிய நிலாவான மன்னுக்குப் போக மன்னை நோக்கித் திருப்பி எரிப்பீர்கள், அது நகர்ந்து போயிருக்கும். தாழ்ந்த பாதையிலிருந்து அங்கே போய்ச்சேர ஏழரை மணி நேரம் ஆகிறது, அதற்குள் மன் தன் பாதையில் 14,000 கி.மீ.க்கு மேல் போய்விடும். பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: சுற்றிக்கொண்டே இருங்கள், கெர்பின் விளிம்பில் மன் உதிக்கும் நேரத்தில் ப்ரோகிரேட்டில் சுமார் 860 மீட்டர் எரியுங்கள். கடலூர் முதுநகரில் படகு ஓட்டுகிறவர்கள் நீரோட்டம் இழுக்கும் நாளில் போகிற இடத்தை நோக்கி மூக்கை வைக்க மாட்டார்கள், அதே சங்கதி. முதல் தரையிறக்கத்துக்கு மன்னைவிட மின்மஸ் மேல் என்பது என் கட்சி. தூரம் அதிகம்தான், ஆனால் ஈர்ப்பு கெர்பினில் இருபதில் ஒரு பங்கு, கண்ணாடி போல் சமமான தரைகள் உண்டு. மன்னில் நான் இறக்கிய முதல் கலம் சரிவில் நின்று, யோசித்து, மெதுவாகப் படுத்தது.

இந்தத் தவறைச் செய்தவர்களில் நிஜ விண்வெளி வீரரும் உண்டு. 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னை ஏற்றிவிட்ட டைட்டன் ராக்கெட்டின் காலி ஸ்டேஜை நெருங்க முயன்றார். அதை நோக்கித் திருப்பி உந்தினார், அது விலகிப் போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட்டார்கள். முன்னால் போகும் பொருளை நோக்கி வேகம் கூட்டினால் உங்கள் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம், ஆகவே பின்தங்குகிறீர்கள். எட்டிப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட வேண்டும். தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும். அதே வருடம் டிசம்பரில் ஜெமினி 6ஏ இதைச் சரியாகச் செய்து ஜெமினி 7ஐ நெருங்கியது. இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைக்கும் நம்முடைய இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பி, இணைப்பு இரண்டு முறை தள்ளிப்போய், ஜனவரி 12 அன்று 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துப் பின்வாங்கி, 16 அன்றுதான் இணைந்தது. அந்த இரண்டு வாரமும் 'ஏன் இவ்வளவு தாமதம்' என்று கேட்டவர்களிடம் நான் கெர்பலைத்தான் திறந்து காட்டினேன்.

இதெல்லாம் நிஜ ராக்கெட் அறிவியலா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பாதையின் இயல்பு நிஜம். அளவுகள் நிஜம் இல்லை: கெர்பின் பூமியில் பத்தில் ஒரு பங்கு ஆரம். ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டுமே விளையாட்டு கணக்கிடுகிறது. காற்று 70 கி.மீ.யில் கத்தி வைத்து வெட்டியது போல் முடிகிறது. நிஜத்தில் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையமே மெல்லிய காற்றின் இழுவையால் தாழ்ந்து வருவதால் அவ்வப்போது தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

அந்தக் கத்திவெட்டால்தான் உங்கள் ஜெபடையா மாட்டிக்கொண்டார். அவர் பாதையின் உச்சப்புள்ளி 95 கி.மீ., தாழ்புள்ளி 72 கி.மீ. என்றீர்கள். 72 என்பது காற்றுக்கு 2 கி.மீ. மேலே, அப்படியே விட்டால் என்றென்றைக்கும் சுற்றுவார். ஆனால் உச்சியில் விநாடிக்கு 6 மீட்டர் வேகம் குறைந்தால் தாழ்புள்ளி 65க்கு வந்துவிடும், 10 மீட்டர் குறைந்தால் 60. 6 மீட்டர் என்பது சைக்கிள் வேகம். காலி டாங்கியையும் எஞ்சினையும் கழற்றி விடுங்கள், மிச்சம் ஜெப் உட்கார்ந்திருக்கும், ஒரு டன்னுக்கும் குறைவான கூண்டுதான். உச்சப்புள்ளியை நெருங்கும்போது ஜெபை வெளியே அனுப்புங்கள். வசதிகளைப் படிப்படியாகத் திறந்து விளையாடும் கேரியர் முறை என்றால் விண்வெளி வீரர் கட்டடத்தை ஒரு படி உயர்த்தியிருக்க வேண்டும். கூண்டு போகும் திசையில் முன்பக்கமாகப் போய், ஜெட்பேக்கால் பின்னோக்கித் தள்ள வேண்டும், முதுகு கொடுத்துக் காரைத் தள்ளுவது மாதிரி. தள்ளும்போது கூண்டு சுழலாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே திரும்பி வரக் கொஞ்சம் ஜெட்பேக் எரிபொருள் மிச்சம் இருக்கட்டும். அப்புறம் காற்று பார்த்துக்கொள்ளும். முதல் சுற்றில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பொறுமையாக இருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் உச்சி இறங்கிக்கொண்டே வரும்.

வெளியே அனுப்பும் முன் எஃப்5. கூண்டில் பாராசூட் வைத்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இப்போதே இறக்க வேண்டாம், வேறு கலம் அனுப்பி எடுக்கும் வழியைத் தனியாக எழுதுகிறேன். அடுத்த முறை கேட்கும்போது ஸ்டேஜ் வரிசை தெரியும்படி ராக்கெட்டின் படமும், எஞ்சினை அணைத்த நொடியில் இருந்த உச்சப்புள்ளி, தாழ்புள்ளி இரண்டும் போடுங்கள்.